துணையில்லாத தட்டு

கண்ணாடித் தட்டில் இருந்த பூஞ்சை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. தன்னந்தனியாக வளரும் பூஞ்சை அப்படிச் சாய வழியே இல்லை.

ஆய்வுக்கூடத்தில் பதினாறு வருடமாகப் பூஞ்சை வளர்ப்பவள் அவள். இந்த இனத்தில் ஆண், பெண் கிடையாது. கூட்டல், கழித்தல் என்று இரண்டே வகை. எதிர்வகை பக்கத்தில் இருந்தால் காற்றிலேயே வாசனையைத் தூது விட்டு, அது வந்த திசைக்கு இழை நீட்டி, தொட்டுக்கொண்ட இடத்தில் கறுப்பாக வித்து ஒன்றைக் கட்டும். தரகரும் வேண்டாம், தபாலும் வேண்டாம் என்று அவள் கணவர் கேலி செய்வார். பக்கத்து மேசை அவருடையது. முகமூடியை இறக்கிவிட்டுத் தட்டுகளை முகர்ந்து பார்ப்பது அவர் வழக்கம். அப்படித்தான் பூஞ்சை அவர் நுரையீரலில் வேர்விட்டது. ஐந்தே வாரத்தில் போய்விட்டார்.

இந்தத் தட்டில் இருப்பது அவர் நுரையீரலிலிருந்து மருத்துவமனை எடுத்தனுப்பியது. கழித்தல் வகை. அறையில் வேறு தட்டே இல்லை.

தட்டை அரைவட்டம் திருப்பி வைத்தாள். சாப்பிட்டு வந்து பார்த்தால், இழைகள் மறுபடி அவள் நாற்காலிப் பக்கம் வளைந்திருந்தன. நாற்காலியை ஜன்னலோரம் போட்டுக்கொண்டாள். சாயங்காலத்துக்குள் அவை ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டன.

தலைமை ஆய்வாளர் வாசலில் நின்றார். "அந்தத் தட்ட இன்னைக்கே ஆவியில போட்டு அழிச்சிடும்மா. எத்தனை நாளைக்கு இதையே பாத்துட்டு உக்காந்திருப்ப?"

"அழிச்சிடறேன், மேடம்."

கணவரில் உயிரோடு மிச்சமிருப்பது இது ஒன்றுதான் என்று எப்படிச் சொல்வாள்? தொண்டை அடைத்தது. அழுகை என்று நினைத்தாள். இருமல் வந்தது. மூன்று வாரமாக விடாத வறட்டு இருமல். போன மாதம் கூட்டல் வகையை வளர்த்தது அவள்தான். அவர் போன துக்கத்தில் முகமூடி மாட்டிக்கொள்ளக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

மேடத்தின் காலடிச் சத்தம் தேய்ந்தது. குளிர்பெட்டி உறுமி அடங்கியது. ஈரமண் வாசனை.

தட்டிலிருந்து அல்ல. அவள் மூச்சிலிருந்து.

மூடியைத் திறந்தாள். உடனே மூடியிருக்க வேண்டும். கை வரவில்லை. வெள்ளை இழைகள் அத்தனையும் அவள் முகத்தை நோக்கி நிமிர்ந்தன. எவ்வளவு நாளாயிற்று, அவர் அவளைத் தேடி.

"இருங்க," என்றாள் மெதுவாக. "வந்துட்டேன்."

கீழுதட்டில் குறுகுறுத்தது. முடியளவே மெல்லிய வெள்ளை இழை ஒன்று வாயிலிருந்து வெளியே வந்து, காற்றில் கொஞ்சம் தடுமாறி, திசை தெரிந்ததும் தட்டை நோக்கி நீள ஆரம்பித்தது.