பாதம்: நலம்

அறைக்குள் நுழைந்ததுமே டாக்டர் லிண்ட்குவிஸ்ட்டின் மூக்கில் ஏதோ இடறியது. ஹீட்டரின் சூடு, ஈரக் கம்பளி, மாட்டுக்கொட்டகை: நெப்ராஸ்காவில் பனிக்காலத்தில் எந்த விவசாயி வந்தாலும் கூடவே வரும் வாசனைகள்தான். ஆனால் அவற்றுக்கு அடியில், பழம் அழுகியது போல ஒரு தித்திப்பு.

"யாராவது ஆப்பிளைத் தின்னுட்டு இங்கயே போட்டுட்டாங்களா, மார்லின்?"

"இப்பத்தான் பெருக்கினேன் டாக்டர்," என்று வெளியிலிருந்து கத்தினாள் நர்ஸ். "சீக்கிரம் விடுங்க. வெளிய கூட்டம் முறைக்குது."

அவர் கணினி முன் உட்கார்ந்தார். பக்கத்துப் படுக்கையில் டெல்பர்ட் கிராஸ், சர்க்கரை நோயாளி. பாதத்தைப் பார்த்தாயா? கீழே விழுந்தாரா என்று கேட்டாயா? புகையிலையை விடச் சொன்னாயா? திரையில் கட்டம் கட்டமாகக் கேட்டது வாஷிங்டன் அரசாங்கம். வைத்தியத்தின் தரத்தை அளக்கிறார்களாம். கட்டம் காலியானால் மதிப்பெண் போகும். மதிப்பெண் போனால் முதியோர் காப்பீட்டுப் பணத்தில் வெட்டு விழும். அப்புறம் ஊரின் ஒரே கிளினிக்குக்குப் பூட்டுதான். மூட்டையைப் பிரிக்காமல் மேலே ஒட்டிய சீட்டுக்கு விலை பேசும் வியாபாரியை அவர் வேறெங்கும் கண்டதில்லை. சீட்டுதான் வேண்டுமென்றால் சீட்டு. பனிக்கால பூட்ஸின் நாடாவை அவிழ்த்துக் கட்டுவதற்குள் இரண்டு நோயாளிகளைப் பார்த்துவிடலாம். போன தடவைக் குறிப்பையே ஒரு சொடுக்கில் நகலெடுத்தார். பாதம்: பார்த்தாயிற்று, நலம். போன தடவையும் அப்படித்தான். அதற்கு முந்தியும்.

"முகம் வெளுத்திருக்கே, டெல்பர்ட்."

"அட, என் முகம்கூடத் தெரியுதா? தாலி கட்டின மாதிரி அந்தப் பொட்டியையே பாத்துட்டிருந்தீங்களே!"

டாக்டர் சிரிக்க வாயைத் திறந்தார். தித்திப்பு தொண்டைக்குள் இறங்கியது. குனிந்தார். அடர்ந்தது. இடது பூட்ஸ்.

"கழட்டுங்க."

"எதுக்கு? பாதம் நலம்னு நீங்கதானே காகிதம் குடுத்தீங்க? அந்தத் தைரியத்துலதான் நானும் பாக்கறதில்ல."

டாக்டர் மண்டியிட்டார். நாடாவை அவரே அவிழ்த்தார். பூட்ஸ் வந்தது. காலுறை ஒட்டிக்கொண்டிருந்தது. இழுத்தார்.

வந்துவிட்டது. சுலபமாக. மிகச் சுலபமாக.

கையில் காலுறை கனத்தது. டெல்பர்ட்டின் பாதம் பாதியிலேயே முடிந்திருந்தது. கறுப்பு. ஒரு சொட்டு ரத்தமில்லை.

டெல்பர்ட் கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தார். "கொஞ்சம் மரத்துப் போச்சு, அவ்வளவுதான். மத்தபடி ஜோரா இருக்கு. விரலை அசைக்கிறேன், பாருங்க."

லிண்ட்குவிஸ்ட்டின் உள்ளங்கையில், காலுறைக்குள், அவை ஒவ்வொன்றாக மடங்கின. விரிந்தன.