வாசலில் தொங்கிய நாடகக்காரன்

"ஐயோ... யோவ், எந்திரிய்யா!"

பூமாரியின் அலறல் காலடிப்பேட்டைச் சந்து முழுவதையும் உலுக்கியது.

கூடத்தில் அவள் புருஷன் வேலப்பன் கிடந்தான். துறைமுகத்தில் கன்டெய்னர் இறக்குகிறவன். நெஞ்சில் கத்திக்குத்து! பீரோ, டிரங்குப் பெட்டி, அரிசி டின்... எல்லாம் கவிழ்ந்து கிடந்தன. படுபாவி, குழந்தையின் தலையணையைக் கூட விடவில்லை.

எஸ்.டி.டி. பூத்காரர் போன் போட, இன்ஸ்பெக்டர் பரசுராமன் வந்தார். வேலப்பனின் தோஸ்து கருணாகரன் தலையில் அடித்துக்கொண்டு அழுதான்.

"எவனோ நகைக்கு வந்தவன் சார்!"

"செயின் கீழயே கெடக்குதே. நகைக்கு வந்தவன் அதை வுட்டுட்டா போவான்?"

கருணாகரன் அழுகையைக் கூட்டினான்.

"வேற இன்னாம்மா இருந்துச்சு வூட்ல?"

"ஒரு படம் சார். ஜப்பான் மிஷின் பெட்டில கெடந்துச்சுனு எடுத்தாந்தாரு. அந்த ஊரு நாடகக்காரன் மூஞ்சி. மரத்துல செதுக்கி, மை தடவி ஒத்தி எடுத்ததாம். ரொம்பப் பழசு, பத்திரம்னாரு."

"எங்க அது?"

"முட்டைக் கண்ணு, கோண வாயி... காலைல அவராண்ட சொல்லாம அட்டைல ஒட்டி, வாசல்ல திஷ்டிக்குக் கட்டிட்டேன் சார்."

எல்லோரும் வாசலைப் பார்த்தார்கள்.

ஒற்றைக் கயிற்றில், கடற்காற்றில் சுழன்றுகொண்டிருந்தது அந்த முகம். மாறுகண்ணால் முறைத்தது!

பூமாரி உடைந்தாள்.

"எங்க கீதுன்னு அவருக்கே தெரியாதே... அதான் குத்திட்டானா? நான்தான் கொன்னுட்டேனா சார்?"

"இல்லம்மா!" என்றார் பரசுராமன்.

"இதுவா...?" கருணாகரன் அழுகையை மறந்துவிட்டு வாயைப் பிளந்தான். "இதுக்குக் கீழயா பூந்து..."

சட்டென்று நிறுத்தினான்.

திருஷ்டிப் படத்தை எவன் நின்று பார்க்கிறான்?

பரசுராமன் படத்தைப் பிடித்துத் திருப்பினார். வெளுத்த நெற்றியில் செக்கச்செவேலென்று ஒரு பொட்டு.

"குங்குமம் வெச்சியாம்மா?"

"இல்லியே சார்!"

குனிந்து பார்த்தார். குங்குமமில்லை... ரத்தம். அதில் ரேகை ரேகையாக ஒரு கட்டைவிரல்!

"'கீழயா பூந்து'ன்னியே?" பரசுராமன் கருணாகரன் பக்கம் திரும்பினார். "ஓடும்போது உன் மூஞ்சில இடிச்சுது. ரத்தக் கையால தள்ளிவுட்டுக்கீற. தேடின படத்துலயே கைநாட்டு! உன் வெரலையும் ஒத்திப் பாத்துடலாமா?"

கருணாகரன் கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மறைத்தான்.

"ஃபாரின் பார்ட்டி பெருசா தரேன்னான் சார்... நான் அந்தப் படத்தைப் பார்த்ததே இல்ல..."

விலங்கு விழுந்தது.

"நாடகக்காரன் மூஞ்சிக்கு இவ்ளோ அலைஞ்சியே மாமு," என்றார் பரசுராமன், அவன் கன்னத்துக் கண்ணீரைப் பார்த்தபடி. "கண்ணாடியப் பாத்திருந்தா உன் வூட்லயே கெடச்சிருக்குமே!"