அழுத்து, விடு

அந்தச் சத்தம் அவருக்குத் தெளிவாகக் கேட்டது. தப்பு அங்கேதான் இருந்தது.

ஒரு வருஷமாகவே மெல்லிய சத்தங்கள் அவரை விட்டுப் போய்க்கொண்டிருந்தன. குழாய் சொட்டுவது, கைபேசி மணி, அடுத்த அறையிலிருந்து மனைவி கூப்பிடுவது என்று ஒவ்வொன்றாகக் கழன்றுவிட்டன. பக்கத்தில் நின்று உரக்கப் பேசினால் மட்டும் கேட்கும்; மற்ற நேரங்களில் உதடுகளைப் பார்த்துத் தலையாட்டிவிடுவார். வீட்டில் டிவியைக் கூட்டி வைத்துச் சமாளிக்க முடிந்தது, பட்டறையில் முடியவில்லை. ஓடும் லாரியின் அடிவயிற்றில் நீளமான திருப்புளியை ஊன்றி, பிடியைக் காதோடு அழுத்திக்கொண்டு, உள்ளே எது தேய்ந்திருக்கிறது என்று சொல்வதுதான் அவர் தொழில். டிரைவர்கள் அவரைக் காதுக்காரர் என்றே கூப்பிட்டார்கள். ஒவ்வொரு முறை கூப்பிடும்போதும் அவருக்கு உடம்பு கூசியது.

பட்டறை மச்சினனுடையது. மனைவியின் தம்பி. போன மாதம் காதுக்காரரின் பேச்சை நம்பி ஒரு லாரியின் கியர் பாக்ஸை முழுதாக இறக்கினார்கள். உள்ளே பல்சக்கரங்கள் புதுசு போல இருந்தன. சத்தம் பின்சக்கரத்துக்குப் போகும் ஷாஃப்ட்டின் இணைப்பிலிருந்து வந்திருக்கிறது. மச்சினன் கோபப்படவில்லை. "வேணும்னா கொஞ்ச நாள் டயர் பக்கம் பாருங்களேன் மாமா" என்று சிரித்தான். அவன் திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. இன்னொரு தடவை தப்பினால் டயர் பக்கம்தான்.

அன்று மதியம், அடியில் இறங்கி நின்று வேலை பார்ப்பதற்காகத் தரையில் வெட்டியிருந்த குழியின் மேல் நின்ற லாரி, சாயங்காலம் சுமையோடு மலைப்பாதை ஏறவேண்டியது.

"கியர் விழுதுண்ணே, வண்டி இழுக்குது, எல்லாம் சரிதான்" என்றான் அதன் டிரைவர். "ஆனா கிளட்சை மிதிக்கிறது நான் இல்லாத மாதிரி இருக்கு."

"புது மாப்பிள்ளையாச்சே, கால் தரையில நிக்காது" என்றான் மச்சினன். எல்லோரும் சிரித்தார்கள். காதுக்காரர் ஒரு நொடி பிந்திச் சிரித்தார்.

குழிக்குள் இறங்கி, திருப்புளியின் முனையை கிளட்ச் மூடியின்மேல் ஊன்றி, மரப்பிடியைப் பல்லால் கடித்துக்கொண்டார். காதுக்கு எட்டாதது எலும்பு வழியாக எட்டும் என்று தானே கண்டுபிடித்துக்கொண்ட வழி அது.

"என்ன, காதுக்காரர் பல்லுக்காரர் ஆயிட்டாரு!" என்று குழியின் விளிம்பிலிருந்து மச்சினன் கத்தினான்.

"ரெண்டு கையும் வேலை செய்யவேணாமா?" என்று பிடியை எடுத்துவிட்டுச் சொன்னார். பொய் லேசாக வந்தது. "தம்பி, அழுத்து!"

மேலே டிரைவர் பெடலை மிதித்தான். மூடிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த இரும்புக் கை ஒரு விரலளவு நகர்ந்தது. மிதிக்கும்போது கீச்சிட்டால் கிளட்சைத் தள்ளும் பேரிங் போய்விட்டது. விட்ட பிறகு உறுமினால் கியர் பாக்ஸின் முன் பேரிங். இரண்டும் இல்லை. எஞ்சினின் கனத்த இரைச்சலுக்கு அடியில், கருகிய கிளட்ச் தட்டின் வாடையோடு, யாரோ துணியை வாயில் திணித்துக்கொண்டு, பக்கத்து அறைக்குக் கேட்டுவிடக் கூடாதே என்று அழுவதைப் போன்ற ஒரு சத்தம்.

"விடு!"

நின்றது.

வெளியே மழை பிடித்துக்கொண்டு, தகரக் கூரை அதிர்வது பாதத்தில் தெரிந்தது. காதுக்காரர் ஏறிவந்து மச்சினனிடம் திருப்புளியை நீட்டினார்.

"நீ கேட்டுச் சொல்லு பாப்போம். நீ எவ்வளவு தேறியிருக்கேன்னு."

மச்சினன் குழிக்குள் இறங்கி, பிடியில் காதை வைத்துக் கேட்டான். டிரைவர் நாலைந்து முறை மிதித்து விட்டான். "ஒண்ணுமில்லையே மாமா. வெண்ணெய் மாதிரி ஓடுது."

"அதான் நானும் சொல்ல வந்தேன்" என்றார். சொன்னதும் காது மடல் இரண்டும் சூடேறின. "எதுக்கும் இன்னொரு தடவை பாத்துடறேன்."

ஆட்கள் சாப்பிடக் கலைந்தார்கள். அவர் மறுபடி குழிக்குள் இறங்கினார். டிரைவர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி ஏதோ சொன்னான். மழை இருட்டில் உதடு சரியாகத் தெரியவில்லை. வழக்கம்போலத் தலையாட்டினார். பிடியைக் கடித்தார். எடுத்தார்.

"அழுத்து!"

இரும்புக் கை நகர்ந்தது. அழுகை.

"விடு!"

கை திரும்பியது. பையன் சொன்னதைச் செய்கிறான், நல்ல பையன் என்று நினைத்தபடி வியர்வையைத் துடைக்க நிமிர்ந்தார். குழியின் விளிம்புக்கும் சக்கரத்துக்கும் இடையில் பட்டறையின் தூரத்து மூலை தெரிந்தது. அங்கே தண்ணீர்த் தொட்டியருகே டிரைவர் கை கழுவிக்கொண்டிருந்தான்.

போயிட்டு வரேன் என்றுதான் சொல்லியிருப்பான். இவர்தான் தலையாட்டினார்.

கத்தியிருக்கலாம். கத்தினால் ஓடி வருவார்கள். அவன் போறேன்னு சொன்னது உங்களுக்குக் கேக்கலையா மாமா என்பான் மச்சினன். எல்லோரும் நிற்பார்கள். எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

கத்தவில்லை. கிளட்ச் எண்ணெய்க் குழாயில் காற்று புகுந்திருக்கும். ஸ்பிரிங் பிடித்துக்கொண்டிருக்கும். இரும்பைப் பார்த்தபடி, குரலே இல்லாமல், உதட்டை மட்டும் அசைத்தார்.

அழுத்து.

நகர்ந்தது.

விடு.

திரும்பியது. எஞ்சின் தானாக அணைந்தது.

படி நாலடி தூரத்தில் இருந்தது. ஏறினால் டிரைவர் இருக்கைக்குக் கீழேதான் தலை வரும். அவர் ஏறவில்லை. எதற்கென்று தெரியாமல் பிடியைக் கடித்தார்.

ஓடாத வண்டிக்குள் அழுகை இல்லை. ஒரு குரல் இருந்தது. நிதானமான குரல். ஒரு வருஷத்தில் முதல் முறையாக ஓர் எழுத்துக்கூட உதிராமல் கேட்ட குரல். அது அவருடைய குரல்.

"அழுத்து."

கிளட்சை மிதிக்கும் கால், அவருடைய இடது கால், குழியின் தரையை அழுத்தியது.

"விடு."

கால் தானாக மேலே எழுந்தது. அவர் தூக்கவில்லை.

விளிம்பில் மச்சினன் வந்து குந்தினான். உதடுகள் அசைந்தன. வண்டியை அனுப்பலாமா? அது நன்றாகவே தெரிந்தது. கூடாது என்று சொல்ல வேண்டும். ஏன் என்று கேட்பான். காரணம் சொல்ல வேண்டும். பல்லிடுக்கில் பிடியோடு நிமிர்ந்து பார்த்தார். பின்னால் டிரைவரும் நின்றுகொண்டிருந்தான், பதிலுக்காக.

தலையாட்டினார்.

டிரைவர் ஏறினான். எஞ்சின் உதறி எழுந்தது. இப்போது பெடலை மிதிப்பான். காதுக்காரர் இரும்புக் கையையே பார்த்தார்.

அது அசையவில்லை.

அவருடைய இடது கால் கீழே போனது. மேலே கியர் விழுந்தது. கால் மெல்ல மெல்ல, நடுங்கியபடி, பாதி தூரத்தில் தயங்கி, மேலே வந்தது. லாரி நகர்ந்தது. திருப்புளியின் முனை மூடியிலிருந்து வழுக்கி விழ, பிடி பல்லில் தொங்கியது. குழிக்குள் மழை வெளிச்சம் விழுந்தது.

கால் அழுத்தியது. விட்டது. இரண்டாவது கியர்.

மச்சினன் இன்னும் குந்தியபடி சிரித்துக்கொண்டே ஏதோ கேட்டான், பிறகு அவர் காலைப் பார்த்தான். சிரிப்பு நின்றது. லாரி வெளி கேட்டைத் தாண்டி மலைப் பக்கம் திரும்பி மறைந்துவிட்டது. வெறும் குழியில், எண்ணெய் படிந்த தரையில், கால் மறுபடி கீழே போனது.