கட்டிலில் இரண்டு துவாலைகள்

கட்டிலின் மேல் இரண்டு துவாலைகள் மடித்து வைக்கப்பட்டிருந்தன.

லோர்னா பெட்டியைக் கீழே வைக்காமலே அவற்றைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒன்று நீலம், ஒன்று பழுப்பு. ஒவ்வொன்றின் மேலும் ஒரு குட்டி சோப்பு. கம்பளிக்கு அடியில் இடப்பக்கம் ஒன்றும் வலப்பக்கம் ஒன்றுமாக வெந்நீர்ப் பைகள் புடைத்துக்கொண்டிருந்தன. அவள் கணவன் கிளைவ் வசந்தத்தில் இறந்துபோனான். சிநேகிதி வெண்டியும் அவள் கணவன் நார்மனும் இந்த யார்க் நகரத்திலிருந்து அவ்வளவு தூரம் காரோட்டி இறுதிச் சடங்குக்கு வந்திருந்தார்கள். சவப்பெட்டிக்குத் தோள் கொடுத்தவர்களில் நார்மனும் ஒருவன். மறந்திருக்க வழியில்லை.

"ஒரே ரூம் போதும்தானே?" வெண்டி கதவருகில் நின்று கேட்டாள். முகம் லேசாகச் சிவந்திருந்தது. "இல்ல, எதுக்கும் கேட்டுக்கோன்னு நார்மன் சொன்னாரு."

"நான் என்ன மகாராணியா, ரெண்டு ரூம் கேக்கறதுக்கு?" என்றாள் லோர்னா.

வெண்டி தேவைக்கு மேல் உரக்கச் சிரித்துவிட்டுக் கீழே இறங்கிப் போனாள். பள்ளிக்கூட நாளிலிருந்தே அவளுக்குச் சங்கடம் வந்தால் சிரிப்புதான்.

மகள்தான் போட்டுக் கொடுத்திருப்பாள் என்று லோர்னா முடிவு கட்டினாள். அம்மா இன்னும் இரண்டு கோப்பை டீ போடுகிறாள், காலி நாற்காலியோடு பேசுகிறாள், கொஞ்சம் அனுசரித்துப் போங்கள் என்று தொலைபேசியில் சொல்லியிருப்பாள். இவர்களும் அனுசரிக்கிறார்கள். பாவம், நல்ல மனசு.

ஆனால் முழு விஷயம் மகளுக்கே தெரியாது. இறுதிச் சடங்கு முடிந்து, மிச்சமிருந்த சாண்ட்விச்சுகளைக் காகிதத்தில் சுற்றி வைத்துவிட்டு எல்லாரும் கிளம்பிப்போன அந்தச் சாயங்காலம், லோர்னா பின்கதவைத் திறந்து, தோட்டத்து இருட்டைப் பார்த்து, "உள்ள வந்துடேன்" என்று கூப்பிட்டாள். பைத்தியக்காரத்தனம்தான், அவளுக்கே தெரியும். அன்று படுத்தபோது, பக்கத்தில் மெத்தை மெல்ல அமிழ்ந்தது. ஒரு கை வந்து அவள் உள்ளங்கைக்குள் அடங்கிக்கொண்டது. சில்லிட்ட கை. கிளைவுக்கு வலக்கை ஆள்காட்டி விரல் பாதிதான் உண்டு. வாலிபத்தில் பட்டறை இயந்திரம் தின்றுவிட்டது. அந்த மொட்டை விரலைத் தடவிக்கொண்டே தூங்குவது முப்பத்தைந்து வருடப் பழக்கம் அவளுக்கு. இப்போது தடவவில்லை. தொட்டால் போய்விடுவானோ என்று பயம். உள்ளங்கையை விரித்து வைத்துக்கொண்டு அப்படியே கிடந்தாள். அந்தக் கை மட்டும் வந்திருக்காவிட்டால் அந்தக் கோடையை அவள் தாண்டியிருக்கவே மாட்டாள்.

மறுநாள் ஊர் சுற்றிக் காட்ட அழைத்துப் போனார்கள். நவம்பர் மாதத்து வெளிச்சம் மதியத்திலேயே மங்கத் தொடங்கியிருந்தது. பேராலயத்துக்குள் மெழுகும் ஈரக்கல்லும் கலந்த வாசம். அவள் காலடிச் சத்தம் தூண்களில் மோதி, கொஞ்சம் தாமதமாக, கொஞ்சம் கனமாகத் திரும்பி வந்தது. அவள் நின்ற பிறகும் ஒரு தடவை வந்தது. கூரை அவ்வளவு உயரம், எதிரொலிக்கத்தான் செய்யும் என்று சொல்லிக்கொண்டாள்.

கோட்டை மதிலுக்கு ஏறும் குறுகலான படியில் நார்மன் சட்டென்று ஒதுங்கிச் சுவரோடு ஒட்டி நின்றான்.

"பாத்து, பாசி வழுக்கும். நீங்க முன்னால போங்க" என்றான். லோர்னா அதற்குள் மேலே ஏறியிருந்தாள். வெண்டி கீழே கையுறையைத் தேடிக்கொண்டிருந்தாள். நார்மனுக்கு முன்னால் யாரும் இல்லை.

நார்மன்தான் ரொம்ப மாறியிருந்தான். கிளைவும் அவனும் ஒரே தெருவில் வளர்ந்தவர்கள், பார்த்தால் கட்டிப்பிடித்துச் செல்லமாகக் குத்திக்கொள்கிறவர்கள். லோர்னா வந்ததிலிருந்து அவன் வாயில் கிளைவின் பேரே வரவில்லை. கணப்படுப்பின் மேல் எப்போதும் இருக்கும் அந்தப் படம், நான்கு பேரும் கடற்கரையில் ஐஸ்கிரீமோடு நிற்கிற படம், அதையும் காணோம். பார்க்கத் தாங்கவில்லை போலிருக்கிறது. லோர்னாவுக்கு அவனை நினைத்தால்தான் அழுகை வந்தது.

சாய்ந்த வீடுகள் தலையோடு தலை முட்டிக்கொள்ளும் சந்தில் ஒரு டீக்கடைக்குள் நுழைந்தார்கள். பரிமாற வந்த பெண்ணை இதற்கு முன் அவர்கள் யாரும் பார்த்ததில்லை. அவள் நான்கு கோப்பை வைத்தாள். நான்கு தட்டு வைத்தாள். பிறகு லோர்னாவின் பக்கத்து நாற்காலியைப் பார்த்து, "உங்களுக்கு சார்? வேற எதாச்சும் கொண்டாரட்டுமா?" என்றாள்.

காத்திருந்தாள். உதட்டில் இருந்த சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கியது. பிறகு மேஜையை விட்டு இரண்டு அடி பின்னால் நகர்ந்து, திரும்பி வேகமாகப் போனாள்.

லோர்னா பக்கத்து நாற்காலியைத் திரும்பிப் பார்த்தாள்; காலியாகத்தான் இருந்தது. இந்தப் பெண்ணிடம் மகள் எதுவும் சொல்லியிருக்க முடியாது. அவள் எதற்கு அனுசரிக்க வேண்டும்? அப்படியென்றால் கிளைவ் இங்கே இருக்கிறான். கனவில்லை, கற்பனையில்லை, பைத்தியமில்லை. எல்லார் கண்ணுக்கும் தெரிகிறான், அவள் ஒருத்தி கண்ணுக்குத் தவிர. சந்தோஷத்தில் நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது. அதே நெஞ்சு கிடந்து அடித்துக்கொண்டது. ஊரான் பார்க்கிறான், பெண்டாட்டி பார்க்க முடியவில்லையே!

வெண்டியும் நார்மனும் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று அவள் யோசிக்கவே இல்லை. இந்த ஆங்கிலேய மக்கள் அப்படித்தான். எதிரே இருப்பவர் தலையில் தீப்பிடித்து எரிந்தாலும், ஜன்னலைக் கொஞ்சம் திறக்கட்டுமா என்றுதான் கேட்பார்கள். செத்தவனே விருந்துக்கு வந்தாலும் துவாலை எடுத்து வைப்பார்கள், விசாரிக்க மாட்டார்கள்.

எழுந்திருக்கும்போது பக்கத்துத் தட்டைப் பார்த்தாள். ஸ்கோன் ரொட்டி கிழிந்து கிடந்தது. அதிலிருந்த உலர்ந்த திராட்சைகளை மட்டும் ஒன்று விடாமல் தோண்டி எடுத்திருந்தது. கிளைவுக்குத் திராட்சை வாசமே ஆகாது.

செத்த பிறகு நாக்கு மாறாதா என்ன, என்று நினைத்துக்கொண்டு கோட்டு மாட்டிக்கொண்டாள்.

வீடு திரும்பியபோது தெருவிளக்குகள் எரிந்தன. நார்மன் முன்னறையில் தொலைக்காட்சியைப் போட்டான். சமையலறை ஜன்னல் கறுத்திருந்தது. கெட்டில் சீறத் தொடங்கியது. வெண்டி கோப்பைகளைத் தட்டில் அடுக்கினாள். நான்கு.

இனி அடக்க முடியவில்லை.

"வெண்டி, எங்கிட்ட மறைக்காதடி. எப்படி இருக்கான்? நல்லா இருக்கானா?"

வெண்டி கரண்டியைக் கீழே வைத்தாள். பெரிய பாரம் இறங்கினவள் மாதிரி மூச்சு விட்டாள்.

"அப்பாடா. நீயே பேச்ச எடுத்தியே! நாங்களா எப்படிக் கேக்கறது, சொல்லு? உன் வாழ்க்கை, உன் இஷ்டம். கிளைவ் போயி வருஷம்கூட ஆகலயேன்னு நார்மனுக்குத்தான் மனசு கேக்கல. ஆனா ஒரு வார்த்தை பேசக் கூடாதுன்னு சொல்லி வெச்சிருக்கேன். அந்தப் போட்டோவக்கூட எடுத்து உள்ள வெச்சுட்டேன், அவருக்குச் சங்கடமா இருக்கக் கூடாதேன்னு."

"யாருக்கு?"

"உன் சிநேகிதருக்குத்தான். நீ இன்னும் பேரே சொல்லலியே."

கெட்டில் கொதித்து அடங்கியது.

"நல்ல உயரம்" என்றாள் வெண்டி, குரலைத் தாழ்த்தி. "வாசல்ல எவ்வளவு குனிஞ்சு வந்தாரு! பேசத்தான் மாட்டேங்கறாரு. கூச்ச சுபாவமோ? ஆனா உன்மேல உசிருடி. நேத்து ராத்திரி தண்ணி குடிக்க எழுந்தேன். உங்க ரூம் கதவு திறந்திருந்துது. நீ தூங்கற. அவரு உன் முகத்துக்கிட்ட குனிஞ்சு நின்னு பாத்துட்டே இருக்காரு. சிரிச்சுட்டே. காலையில நான் எழுந்தப்பவும் அப்படியே நிக்கறாரு."

 

கிளைவ் இல்லை.

அந்தச் சாயங்காலமும் இல்லை. ஒரு நாள்கூட இல்லை. அவள் இருட்டைப் பார்த்துக் கூப்பிட்டாள். பேர் சொல்லிக்கூடக் கூப்பிடவில்லை. எது காதில் கேட்டதோ அது வந்துவிட்டது. டீ போட்டுக் கொடுத்தாள். அழுதாள் அதனிடம். கிளைவிடம் மட்டுமே சொல்லக்கூடியதையெல்லாம் அதனிடம் சொன்னாள். கோடை முழுக்க.

கிளைவ் பிறகு வந்தானோ? வந்து, கட்டிலில் தன் இடத்தில் யாரோ படுத்திருப்பதைப் பார்த்து, ஒன்றும் கேட்காமல், அவனும் இந்த மக்களில் ஒருவன்தானே, திரும்பிப் போய்விட்டானோ?

வலக்கையில் குளிர் பட்டது.

வழக்கம்போல. உள்ளங்கைக்குள். மெதுவாக.

இந்தத் தடவை அவள் விரலை மடக்கினாள். கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள். ஆள்காட்டி விரல். முதல் கணு. இரண்டாம் கணு. இங்கே முடிய வேண்டும். இங்கேதான் கிளைவ் முடிவான்.

முடியவில்லை. மூன்றாம் கணு. நான்காவது. நகம்.

பிடி இறுகியது. கழுத்தில் மூச்சு. திராட்சை வாசம்.

"வெண்டி" என்றாள். காற்றுதான் வந்தது.

வெண்டி அவள் தோளுக்கு மேலே பார்த்தாள். முகம் சிவந்தது. சிரித்தாள்.

"சரி சரி, உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நான் எதுக்கு" என்று சொல்லி, டீத் தட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். தட்டை ஒரு கையில் பிடித்தபடி, மறு கையால் கதவைச் சத்தம் வராமல் சாத்தினாள்.