ஃபியூஸ் போகாத நெருப்பு

போன் அலறியபோது வெண்ணிலா ஒரு காரின் டிக்கிக்குள் பாதி உடம்பை விட்டிருந்தாள்.

வாயில் ஸ்க்ரூ. கையில் ஸ்பேனர்.

திண்டிவனம் பைபாஸில் சுப்பராயலுவின் கார் ஆடியோ கடை. ஆறு வருடமாக அங்கே வரும் கார்களுக்கு ஆம்ப்ளிஃபையர் மாட்டுவது அவள்தான்.

போனில் முதலாளி.

"வெண்ணிலா... ஜல்தியா பொறப்படு. நான் விழுப்புரம் ரோட்டு போலீஸ் ஸ்டேஷன்ல இருக்கிறேன். பாண்டுரங்கன் செத்துப்பூட்டாரு."

"எந்தப் பாண்டுரங்கன்?"

"மண்டகப்பட்டுக்காரரு. நேத்து காலையில நீ ஆம்ப் மாட்டி அனுப்புன வெள்ளைக் காரு. சாயங்காலம் அவரு நெலத்துல வச்சு, காருக்குள்ளயே எரிஞ்சிருக்காரு. நீ போட்ட ஒயர்தான் பத்திக்கிச்சாம்."

ஸ்க்ரூ வாயிலிருந்து நழுவித் தரையில் உருண்டது.

"நான் போட்ட ஒயரா? வாய்ப்பே இல்ல."

"அதை இங்க வந்து சொல்லு. இன்ஸ்பெக்டரு பேப்பர் ரெடி பண்ணிக்கினு உக்காந்திருக்காரு."

வெண்ணிலா எழுந்தாள். மேஜை டிராயரைத் திறந்தாள். அதிலிருந்த சின்னக் கவர்களில் ஒன்றை எடுத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

அப்புறம்தான் பஸ்ஸுக்கு ஓடினாள்.

*

ஸ்டேஷன் வளாகத்தில், வேப்பமரத்தடியில் நின்றது கார்.

பின்பாதி கரி. முன்பாதி வெள்ளை.

நேற்று அந்தப் பின்பாதியில்தான் மூன்று மணி நேரம் படுத்து வேலை செய்திருந்தாள். பாண்டுரங்கன் பக்கத்தில் நின்று, வேகவைத்த வேர்க்கடலையை, அந்த ஊர்ப் பேச்சில் மல்லாட்டையை, உரித்து உரித்து அவளிடம் நீட்டிக்கொண்டிருந்தார்.

உள்ளே இன்ஸ்பெக்டர் ஆதிநாராயணன். எதிரே, கையில் கட்டுடன் ஒருவன். பாண்டுரங்கனின் தம்பி சக்கரபாணி. ஊர் ஊராய்த் திருவிழாக்களுக்கு சவுண்ட் சர்வீஸ் போடுகிறவன். அழுது கண்கள் வீங்கியிருந்தன. சட்டைப் பையில் ஒரு டெஸ்டர் நீட்டிக்கொண்டிருந்தது.

மூலையில் சுப்பராயலு. வியர்த்து ஒழுகிக்கொண்டிருந்தார்.

"நீதானா மெக்கானிக்கு?" இன்ஸ்பெக்டர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "என்ன படிச்சிருக்க?"

"பத்தாவது பாதி."

"பாதியில நின்ன பொண்ணு கரண்டுல கை வைக்கலாமா?"

"பள்ளிக்கூடத்துலதான் சார் நின்னேன். கத்துக்கறதுல நிக்கல."

இன்ஸ்பெக்டர் ஒரு காகிதத்தை அவள் பக்கம் தள்ளினார்.

"கவனக்குறைவா ஒயரிங் பண்ணதால தீப்பிடிச்சு ஆள் எறந்துட்டாருன்னு எழுதியிருக்கு. கையெழுத்துப் போடு. ஜாமீன்ல வந்துடலாம்."

"போடலன்னா?"

"வேணும்னே செஞ்சதுன்னு மாத்தி எழுதுவேன். ஜெயில்தான்."

"எழுதுங்க சார். அதுலயும் போட மாட்டேன்."

சுப்பராயலு பதறி எழுந்தார்.

"போட்டுத் தொலைம்மா... கடை பேரு நாறிப்பூடும்."

"கடை உங்களுது மொதலாளி. கை என்னுது."

காகிதத்தைத் திருப்பித் தள்ளினாள். "இதைப் போட்டேன்னா, நாளைக்கு எவன் எங்கிட்ட காரு குடுப்பான்? ஆறு வருசமா நான் சம்பாதிச்சது அந்த ஒரு பேருதான்." இன்ஸ்பெக்டரிடம் திரும்பிச் சக்கரபாணியைக் காட்டினாள். "சார், இவர்கிட்ட ஒண்ணு கேக்கணும்."

"கேளு."

"நேத்து என்னங்க பாத்தீங்க?"

சக்கரபாணி மூக்கை உறிஞ்சினான்.

"அண்ணன் மோட்டார் ஷெட்டாண்ட காரை நிறுத்திட்டு, பாட்டுப் போட்டுக்கினு பின்சீட்டுல உக்காந்திருந்தாரு. சத்தம்னா சத்தம்... ஷெட்டு தகரமே அதிர்ந்துச்சு. திடீர்னு டிக்கியில பொகை. நான் ஓடுறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுபோச்சு. இந்தக் கையைப் பாரு. கதவைத் தொறக்கப் போயி வெந்ததுதான்."

"தகரம் அதிர்ந்துச்சா?"

"சத்தியமா."

வெண்ணிலா சிரித்தாள்.

"சாவு விஷயத்துல சிரிக்கிற... என்ன ஜென்மம்டி நீ?" என்று சீறினான் சக்கரபாணி.

அவள் பையிலிருந்து கவரை எடுத்து மேஜையில் கவிழ்த்தாள்.

விரல் நீளத்தில் ஒரு கண்ணாடிக் குழாய் உருண்டு விழுந்தது. இரண்டு முனையிலும் பளபளவென்று உலோகத் தொப்பி.

"இதான் சார் அந்தக் காரோட ஆம்ப் ஃபியூஸ். கவர் மேல பாருங்க. கார் நம்பர். பக்கத்துல பாண்டுரங்கன் அண்ணன் அவரே போட்ட கையெழுத்து."

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இது ஏன் உங்கிட்ட இருக்கு?"

"எங்க கடை வழக்கம் சார். புது செட்டு மாட்டுனா, மொத பாட்டு அம்மன் பாட்டா இருக்கணும். அதுவும் பூஜைக்கு அப்புறம்தான். வெள்ளிக்கெழம திருவக்கரை அம்மன் கோயிலுக்குப் போயி, டயர்ல எலுமிச்சம்பழம் நசுக்கிட்டு வருவாங்க. அது வரைக்கும் ஃபியூஸ் எங்க டிராயர்ல. கையில குடுத்தா தெருமுனையிலயே போட்டுப் பாத்துடுவாங்க இல்ல?"

சுப்பராயலு வேகமாகத் தலையாட்டினார். "ஆமாங்க. நான் வச்ச வழக்கம்தான்."

"இன்னைக்குத்தான் சார் வெள்ளிக்கெழம," என்றாள் வெண்ணிலா. குரல் லேசாக உடைந்தது.

"ஃபியூஸ் இல்லன்னா பாடாதா?"

"ஸ்டீரியோ குடுக்கறது கொசு கத்துற சத்தம் சார். அதைப் பேட்டரி பலத்துல பெருசாக்குறதுதான் ஆம்ப்ளிஃபையர் வேலை. அதுக்குன்னு பேட்டரியில இருந்து டிக்கிக்குத் தனியா ஒரு தடி ஒயர் போவுது. பேட்டரிக்கு ஒரு சாண் தள்ளி இந்த ஃபியூஸ். இதை உருவிட்டா, பின்னால போற ஒயர் செத்த பாம்பு. பாடவும் பாடாது, பத்தவும் பத்தாது."

"கதவுல இருக்கற ஸ்பீக்கரு?"

"அது முனகும் சார். தகரம் அதிராது."

சக்கரபாணி விருட்டென்று எழுந்தான்.

"பொய் சார். தப்பிச்சுக்கறதுக்குக் கதை கட்றா. பானெட்டைத் தொறந்து பாருங்க. ஃபியூஸ் உள்ளதான் இருக்குது."

*

வேப்பமரத்தடியில், போலீஸ் வைத்திருந்த சீலை உடைத்து பானெட்டைத் தூக்கினார்கள்.

வெண்ணிலா எட்டிப் பார்த்தாள்...

இருந்தது.

பேட்டரிக்கு ஒரு சாண் தள்ளி, கண்ணாடிக் குழாய் ஒன்று சமர்த்தாக உட்கார்ந்திருந்தது.

"இப்ப என்னம்மா சொல்ற?" இன்ஸ்பெக்டர் குரலில் இரும்பு ஏறியிருந்தது. "பழைய ஃபியூஸ் ஒண்ணைக் கவர்ல போட்டு எடுத்துக்கினு வந்துட்டியா?"

சுப்பராயலு தலையில் கை வைத்துக்கொண்டார்.

வெண்ணிலா குனிந்தாள். இன்னும் குனிந்தாள்.

பின்பு மெதுவாக நிமிர்ந்தாள்.

"சார், நெருப்புக்கு அப்புறம் இந்த பானெட்டைத் தொறந்தது யாரு?"

"சக்கரபாணிதான். அணைச்சதும் பேட்டரி ஒயரைக் கழட்டுனாராம். வாக்குமூலத்துலயே இருக்கு. நாங்க வந்ததும் சீல் வச்சாச்சு."

"வேற யாரும் தொடல?"

"தொடல."

"அப்ப ஃபியூஸைப் பாருங்க சார். உள்ள கம்பி அறுந்திருக்கா?"

இன்ஸ்பெக்டர் டார்ச் அடித்தார்.

"இல்லையே. முழுசா இருக்கு."

"ஒயர்ல கோளாறுன்னா மொதல்ல சாவறது ஃபியூஸ்தான். காரைக் காப்பாத்திட்டு அது போயிடும். அதுக்குத்தான் அதை வைக்கறதே. இங்க காரு எரிஞ்சிருக்கு, ஆளு போயிட்டாரு, ஃபியூஸ் மட்டும் சொகமா இருக்குது. இந்த நெருப்பு ஒயர் வழியா வரல சார். யாரோ வச்சது."

சக்கரபாணி ஒரு அடி பின்வாங்கினான்.

"அந்தத் தொப்பியில பாருங்க சார். பச்சை பெயிண்டுல ஒரு பொட்டு."

"ஆமா... இருக்கு."

"திருவிழாவுல நாலு சவுண்ட் சர்வீஸ் சாமான் ஒரே எடத்துல கலந்துடும். அதனால ஆளுக்கு ஒரு கலரு வச்சிருப்பாங்க. ஒயரு, மைக்கு, ஃபியூஸ்... எதையும் பொட்டு வைக்காம விட மாட்டாங்க."

அவள் கையை நீட்டி, சக்கரபாணியின் சட்டைப் பையிலிருந்த டெஸ்டரை உருவினாள்.

கைப்பிடியில் பச்சைப் பொட்டு.

அதை இன்ஸ்பெக்டரிடம் கொடுத்துவிட்டுச் சக்கரபாணியிடம் திரும்பினாள்.

"தொழில் தெரியாதவனா இருந்தா, காலியா இருந்த எடத்தைக் கவனிச்சே இருக்க மாட்டான். ஃபியூஸ் இல்லன்னா ஆம்ப் மேல பழி போட முடியாதுன்னு உங்களுக்குத் தெரிஞ்சுது. உங்க பெட்டியில இருந்து ஒண்ணை எடுத்துச் சொருகிட்டீங்க. போன ஃபியூஸா பாத்துச் சொருகியிருந்தா நான் இப்ப உள்ள இருப்பேன். ஆனா போனதை நம்ம தொழில்ல யாருங்க பெட்டியில வச்சுக்கறாங்க?"

சக்கரபாணி வாசலைப் பார்த்து ஓடினான்.

கேட்டிலிருந்த கான்ஸ்டபிள் காலை நீட்டினார். அவ்வளவுதான்... புழுதியில் குப்புற விழுந்தான்.

ஸ்டேஷனுக்குள் கால் மணி நேரத்தில் உண்மையைக் கக்கிவிட்டான். ரோட்டோரம் ரெண்டு ஏக்கர். பிளாட் போட்டு விற்கலாம் என்றான் தம்பி. மல்லாட்டைதான் போடுவேன் என்று நின்றார் அண்ணன். மண்டையில் ஒரு கடப்பாரை அடி. டிக்கியில் பெட்ரோல்.

இன்ஸ்பெக்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு மேஜை மேலிருந்த காகிதத்தைக் கிழிக்கப் போனார்.

"கிழிக்காதீங்க சார்."

வெண்ணிலா அதை வாங்கித் திருப்பினாள். வெள்ளையாக இருந்த பக்கத்தைச் சக்கரபாணியின் முன்னால் வைத்தாள். பேனாவையும் வைத்தாள்.

"பின்பக்கம் காலியாத்தான் இருக்குது. நீங்க எழுதிப் போடுங்க."

விலங்கு மாட்டிய கைகளோடு அவன் பல்லைக் கடித்தான்.

"விரல் நீள ஃபியூஸுடி... அதை வச்சு இவ்ளோ பெருசு பண்ணிட்டியே?"

வெண்ணிலா பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"என் தொழிலே அதுதாங்க. நீங்க குடுத்தது சின்ன சத்தம்தான். நான் வால்யூமை மட்டும் கூட்டினேன்."