ஆன்டனி ரேடியோவின் டிரான்சிஸ்டர்கள்

பேட்டரியைக் கழற்றி மேசையில் வைத்த பிறகும் கிட்டார் பெடலின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கெப்பாசிட்டரில் மிச்சக் கரண்டு இருக்கும், தானாக வடிந்துவிடும் என்று ஜெயசிங் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். திரேஸ்புரத்தில் பதினெட்டு வருடமாக ரேடியோவும் செல்போனும் பழுது பார்க்கிறவனுக்குச் சமாதானம் சொல்லவா தெரியாது!

சனிக்கிழமை மதியம் மூன்று மணி. வெயிலுக்குப் பயந்து தெரு முழுக்கக் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தது. உருகிய ஈயத்தின் புகையும், எங்கோ காய்கிற கருவாட்டின் வாடையும், பக்கத்து வீட்டு டிவியில் யாரோ சிரிப்பதும் ஃபேன் காற்றில் கலந்து கடைக்குள் சுற்றிச் சுற்றி வந்தன. நாளை திருவிழா மேடையில் அவன் கிட்டார் வாசிக்க வேண்டும். அதற்காகத்தான் இந்த ஃபஸ் பெடலைத் தன் கையாலேயே செய்திருந்தான். அலுமினியப் பெட்டியின் தலையில் ஒரு சுவிட்ச். அதைக் காலால் மிதித்துக்கொண்டிருக்கும் வரை கிட்டார் கரகரத்து அலறும், காலை எடுத்தால் அடங்கும். உள்ளே நாலு ரெசிஸ்டர், மூன்று கெப்பாசிட்டர், இரண்டு ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்.

அந்த இரண்டும் ஆன்டனியுடையவை.

ஆன்டனி கடலில் இரண்டு மூன்று நாள் தங்கி மீன் பிடிக்கிறவன். செல்போன் டவர் எட்டாத தூரத்தில் புயல் எச்சரிக்கை கேட்க, அவன் அப்பா காலத்து ரேடியோ ஒன்றுதான் துணை. போன வருடம் அது மக்கர் பண்ணுகிறது என்று இங்கே கொண்டுவந்து கொடுத்தான். திறந்து பார்த்த ஜெயசிங்குக்கு நாக்கில் எச்சில் ஊறியது. இன்றைக்கு ஊரெல்லாம் தேடினாலும் அகப்படாத சரக்கு. அந்த இரண்டையும் உருவிக்கொண்டு, டப்பாவில் கிடந்த மட்டமான இரண்டை வைத்து மூடிக் கொடுத்தான். மேசையில் நன்றாகத்தான் பாடியது.

அடுத்த மாதமே புயல் வந்தது. மற்ற வள்ளங்கள் எல்லாம் எச்சரிக்கை கேட்டுக் கரை திரும்பின. ஆன்டனியும் கூடப் போன இரண்டு பேரும் வரவில்லை. ஆலந்தலைப் பக்கம் ஒதுங்கிய உடைந்த வள்ளத்தில் அந்த ரேடியோ மட்டும் கட்டியபடியே இருந்தது. ஆன்டனியின் மனைவி ஜாய், நினைவுக்காகச் சரிசெய்து தரச் சொல்லி அதைப் போன வாரம் இவனிடமே கொண்டுவந்தாள். உள்ளே இவன் வைத்த போலிச் சரக்கு வெடித்திருந்தது. கடல் தண்ணீர் ஏறிவிட்டது என்று சொன்னான். "ஒங்களை விட்டா எங்களுக்கு யாரு அண்ணாச்சி" என்று அவள் அழுதாள். அவளுக்கு மட்டும் தெரிந்துவிடக்கூடாது. அந்த ஒரே பயத்தில்தான் அவன் ஒரு வாரமாகச் சரியாகத் தூங்காமல் இருக்கிறான்.

விளக்கு அணையவில்லை.

சுவிட்சை மிதித்துப் பார்த்தான். ஸ்பீக்கரில் காற்று இரைந்தது. கிட்டாரை அவன் இன்னும் சொருகவே இல்லை. எர்த் சரியில்லாவிட்டால் இந்த மாதிரிப் பெடல் ஏதாவது ரேடியோ ஸ்டேஷனைப் பிடிக்கும், அது எல்லோருக்கும் தெரிந்த கோளாறுதான். எர்த் வயரைப் புதிதாகப் பற்றவைத்து மறுபடி மிதித்தான். காற்றுக்கு அடியில் இப்போது பலகையில் தண்ணீர் மோதுகிற சத்தம். முழங்கால் வரை ஜில்லென்றது. குனிந்து பார்த்தான். தரை காய்ந்து கிடந்தது.

ஸ்பீக்கரின் பிளக்கைப் பிடுங்கிப் போட்டான். மிதித்தான்.

இரைச்சல் விலகி, பெட்டிக்குள்ளிருந்து ஆன்டனியின் குரல் வந்தது. "ஏலே ஜெயசிங்."

நெஞ்சு வரை குளிர் ஏறியது. மூச்சை இழுத்தான். மூக்கில் உப்புத் தண்ணீர். காலை எடுத்தான். மூச்சு வந்தது. சட்டையில் ஒரு சொட்டு ஈரம் இல்லை.

அப்போதுதான் அவனுக்கு நிஜமாகவே பயம் பிடித்தது. பெட்டியை மேசையில் தூக்கி வைத்து, சால்டரிங் ராடை டிரான்சிஸ்டரின் காலில் அழுத்தினான். ஈயம் உருகியது. கால் விடவில்லை. குறடு போட்டு இழுத்தான். விடவில்லை.

"அண்ணாச்சி, ரேடியோ ரெடியா?"

வாசலில் ஜாய் நின்றிருந்தாள். நாலு மணிக்கு வருகிறேன் என்றவள், முன்னாலேயே வந்துவிட்டாள்.

"கடல் தண்ணி ஏறிட்டு ஜாய்... நான் அதுல எதையும் கழத்தல" என்றான். யாரும் கேட்கவில்லை. எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்று அவன் வாயே சொல்லிவிட்டது.

ஜாயின் பார்வை ரேடியோவுக்குப் போனது. பிறகு அவன் கையில் இருந்த பெட்டிக்கு. அதை அவன் முதுகுக்குப் பின்னால் மறைக்கப் போனான். பெட்டி நழுவிக் கீழே விழுந்தது. தலைகீழாக. சுவிட்ச் அடியில் அமுங்கியபடி.

"ஏளா, ஜாய்."

அவள் பை கைநழுவியது. ஜெயசிங் தொண்டையைப் பிடித்துக்கொண்டு சரிந்தான். தலைக்கு மேல் தண்ணீர். வெளிச்சம் பச்சையாக, எங்கோ உயரத்தில்.

"புயல் வருதுன்னு ஒரு சத்தம் கேக்கல ஜாய். ரேடியோல உள்ளத இவன் களவாண்டு இதுக்குள்ள வச்சிருக்கான்."

ஜாய் பெட்டியை நிமிர்த்தினாள். குரல் நின்றது. அவன் இருமி இருமி மூச்சு வாங்கினான். அதை அவள் பார்த்தாள். பெட்டியைப் பார்த்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு, சுவிட்சில் காலை வைத்தாள். அவன் துடிக்கத் தொடங்கினான்.

"எவ்வளவு நேரம்ங்க தண்ணில கெடந்தீய?" அவள் அழவில்லை.

"விடிய விடிய. பலகையப் பிடிச்சிக்கிட்டு. முங்குவோம், எந்திரிப்போம். முங்குவோம், எந்திரிப்போம்."

காலை எடுத்தாள்.

"ஜாய்... எனக்குப் பிள்ளைங்க இருக்கு..."

"எனக்கும் ரெண்டு இருக்கு அண்ணாச்சி."

அவள் போய் ஷட்டரை உள்ளிருந்து இறக்கினாள். பூட்டினாள். ஸ்டூலை இழுத்துப் போட்டு, சேலையை முழங்கால் பக்கம் ஒதுக்கிக்கொண்டு, நிதானமாக உட்கார்ந்தாள்.

"விடிய இன்னும் நேரம் கெடக்கு."

மிதித்தாள்.

எடுத்தாள்.

அவனுக்கு மூச்சு முழுதாக வரும் வரை பொறுத்திருந்தாள். பிறகு மிதித்தாள்.