நிழலுக்குக் கால்

குணசேகரின் மூக்கு நிழல் தப்பான பக்கத்தில் விழுந்திருந்தது.

மெர்சி முதலில் தன் கண்ணைத்தான் சந்தேகப்பட்டாள். காலை பத்தரை மணி. ஆஸ்டின் டவுனில் அவர்கள் குடியிருந்த மாடி வீட்டு ஹாலுக்கு ஒரே ஒரு ஜன்னல். தரையில் பாய் விரித்து மல்லாந்து தூங்கும் புருஷனுக்கு அது இடப்பக்கம். வலப்பக்கம் சுவர், பச்சை டிஸ்டம்பர் அடித்த வெறும் சுவர். கீழ்வீட்டு ஷில்பாவின் குக்கர் மூன்றாவது விசில் அடித்து ஓய்ந்ததும், மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தடவை கிரீச்சிட்டதும், சந்து முனையிலிருந்து வறுத்த மசாலா வாசனை மாடிப்படி ஏறி வந்ததும் எல்லா நாளும் போலத்தான் இருந்தன. ஆனால் ஜன்னல் வெளிச்சத்துக்குச் சுவர்ப்பக்கக் கன்னத்தில் விழ வேண்டிய நிழல் ஜன்னல்பக்கக் கன்னத்தில் விழுந்திருந்தது. மூக்கு மட்டுமா? கண் குழி, உதட்டுக்குக் கீழே, கழுத்தெலும்பு ஓரம், எல்லாமே ஜன்னலைப் பார்த்துக் கறுத்திருந்தன. சுவருக்குள்ளிருந்து யாரோ விளக்கைப் பிடித்துக் காட்டுகிறார்கள் என்றால்தான் அப்படி விழும்.

தன் கையை அவன் முகத்துக்கு மேலே நீட்டிப் பார்த்தாள். கையின் நிழல் ஒழுங்காகச் சுவர்ப்பக்கம் போனது. அதற்குக் கீழே அவன் மூக்கின் நிழல் எதிர்ப்பக்கம் போனது.

"இன்னா மே, மூஞ்சிக்கு மேல கைய ஆட்டினு இருக்கற? கொசுவா?" குணா ஒரு கண்ணை மட்டும் திறந்தான்.

"ஒண்ணும் இல்ல. நீ தூங்கு."

"வரையறன்னா வரை. மூக்க மட்டும் கொஞ்சம் சின்னதா போடு, புண்ணியமா போவும். போன வாரம் போட்ட படத்துல மூக்கு தான் வண்டி ஓட்டினு போச்சு, நான் பின்னாடி ஒக்காந்துனு போனேன்."

சிரித்துக்கொண்டே திரும்பித் தூங்கிவிட்டான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

குணா ஐ.டி. கம்பெனி ஆட்களை ராத்திரி ஷிஃப்டுக்கு ஏற்றி இறக்கும் கேப் டிரைவர். காலை ஏழுக்கு வந்தால் இரண்டு மணி வரை பிணம்போல் தூங்குவான். மெர்சிக்குச் சிவாஜிநகரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் இரண்டரைக்கு மேல்தான் வேலை. நடுவில் கிடைக்கும் காலை நேரத்தில் படம் வரைகிற டேப்பை மடியில் வைத்துக்கொண்டு 'நைட் டிராப்' வரைவாள். ஒரு கேப் டிரைவரின் படக்கதை. வாரம் ஒரு பகுதி, வெள்ளிக்கிழமை இணையத்தில் ஏற்றுவாள். முந்நூற்றுச் சொச்சம் பேர் படித்தார்கள். இதைவிட வசதியான மாடல் யாருக்குக் கிடைப்பான்? ஆடமாட்டான், அசையமாட்டான், பசிக்கிறது என்று சொல்லமாட்டான். கோலார் தங்கவயலில் ஒரே லைன் வீட்டு வரிசையில் வளர்ந்து, இரண்டு வீட்டையும் எதிர்த்துக் கட்டிக்கொண்டு இந்த ஊருக்கு வந்தவர்கள். அவனைத் தவிர அவளுக்கு வேறு நாதி இல்லை.

கோடு அவளுக்கு நன்றாகவே வரும். நிழல்தான் வராது. கன்னத்தில் சாம்பல் நிறத்தைத் தடவினால் அது தாடி மாதிரி இருக்கும், இல்லாவிட்டால் அழுக்கு மாதிரி இருக்கும். இரண்டு மாதமாக 'கரித்துண்டு' என்ற பெயரில் ஒரு ஆள் கமெண்டில் வந்து பாடம் நடத்திக்கொண்டிருந்தார். ஆணா பெண்ணா தெரியாது. 'ஷேடிங் கொழகொழன்னு இருக்கு. வெளிச்சம் எங்கேயிருந்து வருது? முதல்ல அத முடிவு பண்ணு.' 'பார்த்து வரை. மனசுல இருந்து வரையாதே.' போன வாரம் இதையும் எழுதியிருந்தார்: 'பயம் காட்டணும்னா ஆளைக் காட்டாதே. தூங்குறவன் மேல ஒரு ஆளோட நிழலை மட்டும் விழ வை.'

மெர்சி அதையும் செய்திருந்தாள். வெள்ளிக்கிழமை ஏற்றிய பகுதியின் கடைசிக் கட்டத்தில் டிரைவர் தூங்குகிறான், நெஞ்சின் மேல் யாரோ ஒருவரின் நீளமான நிழல். நூறு லைக் தாண்டிய முதல் படம் அது.

இப்போது அந்தப் படத்தைத் திறந்தாள். பார்த்ததும் புரிந்துவிட்டது.

முகம் கோணலாக இருக்கிறதா என்று பார்க்க, வரைகிறவர்கள் படத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலமாகத் திருப்பிப் பார்ப்பார்கள். அவளும் திருப்பினாள். திருப்பியதை மறந்து, அப்படியே உட்கார்ந்து, ஜன்னல் வெளிச்சத்தைப் பார்த்துப் பார்த்து நிழல் போட்டு முடித்தாள். அப்புறம் நேராக்கினாள். ஆள் நேரானான், வெளிச்சம் இடம் மாறிப் போயிற்று. படத்தில் வெளிச்சம் சுவரிலிருந்து வந்தது. நிழலை மட்டும் எடுத்துவிடலாம் என்றால் அதற்கும் வழியில்லை. டேப்பில் இடம் போதவில்லை என்று, தனித்தனி அடுக்காக இருந்த நிழல் லேயரையும் ஆள் லேயரையும் ஒன்றாகச் சேர்த்து சேவ் பண்ணிவிட்டாள். சேர்த்தால் சேர்த்ததுதான். பாலில் விட்ட டிகாக்ஷனைப் பிரித்து எடுக்க முடியுமா?

மறுநாள் போர்வையில் அவன் பாதத்தின்மேல் ஒரு கறுப்பு இருந்தது. அவள் போர்வையை உதறினாள். கறுப்பு உதிரவில்லை. அதற்கடுத்த நாள் அது முழங்கால்வரை வந்திருந்தது, மேல்நுனி உருண்டையாக, ஒரு தலைபோல.

"காலு ரெண்டும் கல்லு மாதிரி இருக்கு மெர்சி. யாரோ மேல ஒக்காந்துனு இருக்கற மாதிரியே இருக்கு" என்றான் குணா, சோற்றைப் பிசைந்துகொண்டே சாப்பிடாமல்.

"டாக்டர்கிட்ட போலாம் வா."

போனார்கள். பிரஷர் சரி, சுகர் சரி, தூக்கம் போதவில்லை என்று டாக்டர் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். திரும்பி வரும்போது அவள் எல்லாவற்றையும் அவனிடம் சொன்னாள், சுவர், நிழல், லேயர் எல்லாம். குணா அவள் தலையில் செல்லமாக ஒரு தட்டு தட்டினான்.

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். நாள் பூரா அந்த டேப்பையே பாத்துனு இருந்தா இன்னா ஆவும்? சும்மனே தலைய கொழப்பிக்காத."

அன்றைக்கே அவள் அந்தப் பகுதியை நீக்கினாள். டேப்பிலிருந்த படத்தையும் அழிக்கப் போனாள். அழிப்பானை எடுத்து, நிழலின் கீழ்நுனியை, அவன் கால் கட்டைவிரல் இருந்த இடத்தில், ஒரே ஒரு தடவை தேய்த்தாள். தேய்த்த கை நின்றது. நிழலோடு விரலும் போயிருந்தது, வெறும் வெள்ளை. பாயைத் திரும்பிப் பார்த்தாள். குணாவின் கட்டைவிரல் சுண்ணாம்பாக வெளுத்துக் கிடந்தது. ஓடிப்போய்க் கிள்ளினாள். நகத்தால் கிள்ளினாள். அவன் அசையவில்லை. ஐயோ, ஐயோ என்று பதறி, பேனா நழுவ, மூன்று தடவை தப்பித் தப்பி அழுத்தி, அழித்ததை மீட்டாள். விரலுக்கு ரத்தம் திரும்ப அரை மணி ஆயிற்று. அதற்குமேல் அழிப்பானைத் தொட அவளுக்குத் தைரியம் வரவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை காலை நிழல் அவன் நெஞ்சுக்கு வந்துவிட்டது.

இப்போது அது தெளிவாகவே தெரிந்தது. தலை. தோள். இரண்டு கை. அறையில் அவளைத் தவிர யாரும் நிற்கவில்லை. சுவர்ப்பக்கம் போனால் முதுகில் லேசாகச் சூடு உறைத்தது. சுவரைத் தொட்டாள், சுவர் ஜில்லென்றுதான் இருந்தது. குணாவின் மூச்சு இழுத்து இழுத்து வந்தது, நீர் வற்றிய மோட்டார் காற்றை உறிஞ்சுகிற சத்தம். எழுப்பினாள். கண் திறந்தது, ஆள் எழவில்லை.

"மூச்சு... விட முடியல மே."

ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தாள். வண்டி ஓசூர் ரோடு டிராஃபிக்கில் நிற்கிறது, இருபது நிமிஷம் என்றார்கள். போனை வைக்கும்போதே திரையில் ஒரு கமெண்ட் வந்து நின்றது. நீக்கிவிட்ட படத்துக்குக் கரித்துண்டின் கமெண்ட்.

'நிழல் மிதக்குது. எந்த நிழலும் ஒரு காலோட ஒட்டித்தான் இருக்கணும். யாரோடதுன்னு காட்டு.'

மெர்சி அதை இரண்டு தடவை படித்தாள். பிறகு, இத்தனை நாளில் முதல் தடவையாக, அவளுக்கு ஒரு வழி தெரிந்தது. சொந்தக்காரன் இல்லாத நிழல்தானே இவன்மேல் வந்து உட்கார்ந்திருக்கிறது? ஒரு ஆளைக் கொடுத்துவிட்டால் அந்த ஆள் போகிற இடத்துக்கு அதுவும் போய்த்தானே ஆக வேண்டும்! யாரைக் கொடுப்பது? ஒரு கணம் கீழ்வீட்டு ஷில்பாவின் முகம் வந்தது. சீ, என்ன புத்தி இது என்று தன்னையே திட்டிக்கொண்டாள். தன் பாதங்களைப் பார்த்தாள். செருப்பில்லாத பாதம், இடது சுண்டுவிரல் கொஞ்சம் வளைந்தது. பார்த்துத்தான் வரைய வேண்டும். பார்த்து வரைந்தாள். நிழல் தொடங்கும் இடத்தில் குதிகாலை வைத்து, இடைவெளி துளியும் தெரியாமல், தரையோடு அழுத்தி, அடர்த்தியாக ஒட்டினாள். வாழ்க்கையில் அவள் போட்ட நிழல்களிலேயே சரியான நிழல் அதுதான். லேயரைச் சேர்த்தாள். சேவ்.

காலுக்கடியில் சில்லென்றது.

ஒரு கையைத் தூக்கினாள். குணாவின் நெஞ்சிலிருந்த நிழலும் கையைத் தூக்கியது. அவனுக்குச் சட்டென்று மூச்சு வந்தது, ஹா என்று வாயால் இழுத்தான். "கர்த்தரே!" என்று அவள் அழுதேவிட்டாள்.

"குணா, ஒண்ணும் இல்ல. நான் வெளிய போறேன். இத இஸ்துனு போயிடறேன். நீ நல்லா மூச்சு விடு."

"எங்க... எங்க போற?"

பதில் சொல்ல நேரமில்லை. கதவைத் திறந்தாள். படி. இரண்டிரண்டாகத் தாண்டினாள். கையில் இருந்த டேப் துடித்தது. இறங்கிக்கொண்டே பார்த்தாள்.

'இப்ப சரி.'

டேப் கைநழுவிப் படியில் உருண்டது. அவள் நிற்கவில்லை. சந்துக்கு வந்தாள். எதிர்வீட்டு கேட்டைத் தாண்டி, தண்ணீர்த் தொட்டியைத் தாண்டி, முச்சந்திவரை ஓடினாள். அங்கே திரும்பிப் பார்த்தாள்.

மணி பன்னிரண்டேகால். சூரியன் உச்சியில். ஸ்கூட்டரின் நிழல் ஸ்கூட்டருக்கடியில், தொட்டியின் நிழல் தொட்டிக்கடியில் சுருண்டு கிடந்தது. மெர்சியின் நிழல் மட்டும் சுருளவில்லை. அவள் குதிகாலிலிருந்து கிளம்பி, சாக்கடைப் பலகைமேல் ஏறி இறங்கி, தொட்டியைச் சுற்றாமல் நேராகப் போய், படிகளில் மடிந்து மடிந்து ஏறி, திறந்து கிடந்த கதவுக்குள் நுழைந்திருந்தது. அவள் அதை இழுத்து வரவில்லை. நீட்டிவிட்டு வந்திருக்கிறாள்.

திரும்பி ஓட ஒரு காலைத் தூக்கினாள். கால் வரவில்லை. மறுகால். அதுவும் வரவில்லை. இடைவெளி துளியும் இல்லை.

வாசலில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்த ஷில்பா நிமிர்ந்தாள். "மெர்சி அக்கா? ஏனாய்த்து? ஏன் அங்க நிக்கறீங்க?"

"ஷில்பா, மேல போ! குணாவ வெளிய இஸ்துனு வா! ஓடு!"

ஷில்பா படிக்கு வந்தாள். முதல் படியில் கால் வைக்கப் போனவள் கீழே பார்த்தாள். அவள் கண் அந்தக் கறுப்பைத் தொடர்ந்து சந்துவழியே போய், மெர்சியின் காலில் நின்றது. அவளுக்குத் தமிழ் போய்க் கன்னடம்தான் வந்தது.

"அக்கா... நெரளு... நிம்ம நெரளு..."

காலைப் பின்னால் எடுத்தாள். தன் வீட்டுக்குள் போனாள். தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

"மெர்சி" என்று மேலிருந்து குணா கூப்பிட்டான். ஒரே ஒரு தடவை.

முச்சந்தியிலிருந்து மாடி ஜன்னல் தெரியும். ஜன்னலுக்குள் பச்சைச் சுவர் தெரியும். சுவரில் அவள் தலையின் நிழல் தெரிந்தது. அவள் தோள் தெரிந்தது. தோள்கள் ஏறின. இறங்கின. ஏறின. இறங்கின. முழங்கால் போட்டு மாவு பிசைகிறவளின் தோள்.

மெர்சி அசையாமல் நின்றாள். மூச்சைக்கூடப் பிடித்துக்கொண்டாள். பிறகு இரண்டு கைகளையும் தூக்கித் தலைக்குமேல் நீட்டினாள். தெருவே பார்க்கும்படி, விரலை விரித்து, எவ்வளவு உயரம் முடியுமோ அவ்வளவு உயரம்.

மாடியில் குணாவின் குதிகால் தரையை உதைக்கும் சத்தம் வந்தது. தட். தட். தட்.

நின்றது.

சுவரில் அந்தத் தோள்கள் இன்னும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன.